தெற்கே ஒரு ஜன்னல்: நீலகிரியில் கட்டடம் வரையும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

நீலகிரியில் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி என்று எந்தப் பொதுக் கட்டடம் எழும்பினாலும் அதன் முதல் கோடு உங்கள் மேசையில்தான் விழுகிறது. நான் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள். குந்தா பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கட்டடக்கலை படித்ததில்லை. ஆனால் இந்த மலையின் வெயிலையும் பனியையும் அறிவேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற ஜனவரியில் ஒரு மாணவியர் விடுதியில் மூன்று இரவுகள் தங்கினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். விடுதியின் பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்க்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது.

அறுபது பிள்ளைகள் தூங்கும் நீண்ட கூடம். ஜன்னல்கள் எல்லாம் வடக்கே, சாலையைப் பார்த்து. தெற்கே எட்டடி அகலத் தாழ்வாரம், அதன்மேல் தகரம். கூடத்துக்கும் தகரக் கூரைதான், உட்கூரை கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்குக் காவலர் விறகடுப்பை மூட்டினார். முதலில் எழுந்த இருபது பேருக்கு அரை வாளி வெந்நீர் கிடைத்தது. அடுத்த இருபது பேருக்கு வெதுவெதுப்பு. மிச்சப் பேர் முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு நான் முற்றத்துக்கு வந்தபோது கண் கூசும் வெயில். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்முன் சமையல்கூடத்துச் சுவரோரம் வரிசையாக நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி புத்தகப் பையை மார்போடு அணைத்து, முதுகைச் சுவரில் ஒட்டிக் கண்ணை மூடியிருந்தாள். பின்னாத ஈரத் தலையிலிருந்து மெல்லிதாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். நன்றாகச் சுட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அரிசி மூட்டைகள் என்றார்கள். விடுதியில் நாள் முழுக்க வெயில் படும் ஒரே சுவர் அதுதான். அதற்குப் பின்னால் படுக்கிறவர் எவருமில்லை.

கூடத்துக்குள் போய்த் தெற்குச் சுவரைத் தொட்டேன். தாழ்வாரத்தின் நிழலில் அது சில்லென்று இருந்தது.

இந்த மடல் அந்த இரண்டு சுவர்களைப் பற்றியது.

வகுப்பில் கதிர்வீச்சு ஆற்றல் என்ற பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மாறும். கதிர்வீச்சு என்றதும் அணுஉலையும் அணுகுண்டும்தான் நினைவுக்கு வரும். நான் அடுப்பிலிருந்து தொடங்குவேன். அடுப்பெதிரே குந்தினால் முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. நடுவிலிருக்கும் காற்று சூடாகித்தான் நம்மைத் தொடுகிறது என்றால் முதுகும் கொஞ்சம் சூடாக வேண்டாமா? முறத்தைக் குறுக்கே பிடித்த கணமே முகத்தின் சூடு நின்றுபோகிறது. நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் வருகிறது, கண்ணுக்குத் தெரியாமல், ஒளி வரும் அதே வேகத்தில். சூரியனிலிருந்து எட்டு நிமிடம் இருபது விநாடியில் நம் முற்றத்துக்கு வந்து சேர்வதும் அதே இனம்தான். பட்டகத்தில் பிரிந்த ஏழு நிறங்களில் சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இருட்டில், வெப்பமானியை வைத்து அது சூடேறுவதை வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1800இல் கண்டுபிடித்தார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரைத்தான் அகச்சிவப்பு என்கிறோம். அந்தச் சோதனையைப் பள்ளி மைதானத்தில் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். வெப்பமானியின் குமிழுக்குக் கொஞ்சம் கறுப்பு மை பூசினால் போதும்.

நம் மலையில் இந்த ஆற்றலின் ஏறக்குறைய எல்லா முகங்களையும் காணலாம். முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் வானொலித் தொலைநோக்கி வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கிறது. இந்து நகரில் இப்போது பூட்டிக் கிடக்கும் பிலிம் தொழிற்சாலை, ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பை நம்பி நடந்தது. ஒருகாலத்தில் எக்ஸ்ரே பிலிமும் அங்கே தயாரானது. கொழுந்து பறிக்கும் பெண்களின் கன்னம் கருத்துப்போவதற்குக் காரணம் உயரத்தில் கூடிவிடும் புற ஊதாக் கதிர். பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932 முதல் பிறக்கும் மின்சாரமும்கூடச் சுற்றிவளைத்துப் பார்த்தால் சூரியக் கதிர்தான். கடல்நீரை ஆவியாக்கி இவ்வளவு உயரம் தூக்கிவந்தது வேறு யார்?

ஆனால் இந்த மலையில் பிறந்தவர்களுக்கு இந்த ஆற்றலை உடம்போடு அறிமுகம் செய்துவைப்பது உறைபனிதான். நான் அதிகம் பேச விரும்புவதும் அதைப் பற்றித்தான். அது ஆற்றல் வருவதன் அடையாளம் அல்ல, போவதன் அடையாளம்.

காந்தலிலோ தலைகுந்தாவிலோ ஜனவரி விடியலில் நடந்து பாருங்கள். வெட்டவெளியில் நிறுத்திய காரின் கூரை வெள்ளையாக உறைந்திருக்கும். பத்தடி தள்ளி மரத்தடியில் நிற்கும் கார் வெறும் ஈரத்தோடு இருக்கும். இரண்டையும் சூழ்ந்திருக்கும் காற்று ஒன்றுதான். வெப்பமானியைத் தலை உயரத்தில் பிடித்தால் மூன்று, நான்கு டிகிரிகூடக் காட்டும், ஆனால் புல் உறைந்து கிடக்கும். ஏனென்றால் சூடுள்ள பொருள் எல்லாமே கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. புல், தேயிலை, தகரம், நம் உடல், எதுவும் விலக்கல்ல. பகலில் சூரியனிடமிருந்து வாங்குவது அதிகம், கொடுப்பது குறைவு. இரவில் கொடுப்பது மட்டும்தான். மேலே மேகமோ மரக்கிளையோ இருந்தால் அதுவும் கதிர் வீசிப் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் திருப்பித் தர ஆளில்லை. போனது போனதுதான். இலையின் சூடு காற்றின் சூட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு இதை நம்பவைக்க இரண்டு தட்டுகள் போதும். வைக்கோல்மேல் ஒரு தட்டு நீரை வெளியில் வைப்போம், இன்னொன்றைப் பெஞ்சுக்கு அடியில். காலையில் வெளியில் இருந்த தட்டில் கண்ணாடி போல ஏடு கட்டியிருக்கும், பெஞ்சுக்கு அடியில் இருந்தது அப்படியே நீராக இருக்கும். ஐஸ் இயந்திரம் வருவதற்கு வெகு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், அலகாபாத்தில் இதே முறையில்தான் காய்ந்த கரும்பு, சோளத் தட்டைகள் பரப்பிய பள்ளங்களில் மண்தட்டுகளை அடுக்கிப் பனிக்கட்டி எடுத்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை, ஆனாலும் தெரியும். கார்த்திகை முடிந்ததும் இளந்தேயிலையின்மேல் பெரணியையும் தழையையும் வெட்டிப் போர்த்துகிறார்கள். உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்கு மிலார்ச் செடியால் கூரை வேய்கிறார்கள். பார்ப்பவர்கள் அது பனி மேலிருந்து விழாமல் தடுக்கும் குடை என்று நினைக்கிறார்கள். உறைபனி மேலிருந்து விழுவதில்லை. அந்தத் தழை, செடியின் சூடு வானத்துக்கு ஓடிவிடாமல் மறிக்கிறது. செடிக்கு நாம் போர்த்தும் கம்பளி அது.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். மச்சு என்றால் மாடி, கூரை. துளைத்துக்கொண்டு உள்ளே வருவது பனி அல்ல, வெளியே போவது சூடு என்று மட்டும் திருத்திக்கொண்டால் அந்தப் பழமொழி அந்த விடுதிக் கூடத்தை அப்படியே சொல்கிறது. தகரம் வானத்துக்குக் கதிர் வீசிக் குளிர்கிறது. தகரத்துக்குக் கீழே படுத்திருக்கும் பிள்ளைகள் தகரத்துக்குக் கதிர் வீசிக் குளிர்கிறார்கள். சும்மா இருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ நூறு வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள சுவரும் கூரையும் வெதுவெதுப்பாக இருந்தால் அதில் பெரும்பங்கு திரும்பி வரும். அவை சில்லிட்டிருந்தால் அறையில் எத்தனை பேர் இருந்தாலும் எலும்பில் குளிர் ஏறும். அந்த மூன்று இரவுகளும் நான் பார்த்தது அதைத்தான். ஒரு கம்பளிக்குள் இரண்டு இரண்டு பேராகப் படுத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் இரவு, மூத்த பிள்ளைகள் சிலர் ஓர் இரும்புச் சட்டியில் அடுப்புத் தணலை அள்ளிவந்து கூடத்தின் நடுவில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். நான் எழுந்து சட்டியை வெளியே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டேன். பிள்ளைகள் முகம் சுண்டிப்போயிற்று. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குளிர் தாங்க முடியாதவர்கள் கையில் கிடைத்த கதிர்வீச்சு அது ஒன்றுதான். ஆனால் மூடிய அறையில் வைத்த கரித்தணல் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். உதகையிலும் கொடைக்கானலிலும் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்திகளைக் குளிர்காலத்தில் நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளிகள், சுற்றுலா வந்தவர்கள். ஒவ்வொரு முறையும் எச்சரிக்கைச் சுற்றறிக்கை போகிறது. எச்சரிக்கை சரிதான். ஆனால் குளிர்கிறவரிடம் தணலை எடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தணலுக்குப் பதில் எது என்று சொல்ல வேண்டும்.

பதில் அந்தச் சமையல்கூடத்துச் சுவரில் இருக்கிறது.

மேகமில்லாத இரவில்தான் உறைபனி படிகிறது என்றேன் அல்லவா. அந்த இரவுக்கு முந்திய பகலும் மேகமில்லாத பகல், மறுநாளும் அப்படித்தான். சூட்டைப் பறித்துக்கொண்டுபோகும் அதே தெளிந்த வானம்தான் பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட், ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு வெப்பத்தைக் கொட்டுகிறது. நம் மலையில் குளிர் மிகக் கொடுமையாக இருக்கும் நாட்களும் வெயில் மிக நன்றாக இருக்கும் நாட்களும் ஒன்றே. வடக்கே பல குளிர்நாடுகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே குளிர்காலத்தில் சூரியன் தொடுவானத்தைவிட்டு அதிகம் எழும்ப மாட்டான். நமக்குத் தேவை பகலில் வருவதை இரவு வரைக்கும் பிடித்துவைப்பது ஒன்றுதான்.

இதற்குச் சூரியனின் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். உதகை ஏறக்குறைய 11.4 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூன் மாதத்திலோ தலைக்கு வடக்கே போய்விடும். அதாவது தெற்குச் சுவருக்குக் குளிர்காலத்தில் வெயில் உண்டு, கோடையின் உச்சத்தில் நேர்வெயில் இல்லை. இயற்கையே நமக்காக ஒரு திரையைத் திறந்து மூடுகிறது. கோவையிலோ மதுரையிலோ தெற்கு வெயிலுக்குத் தாழ்வாரம் போட்டு மறைப்பது நல்ல கட்டடக் கலை. அதே வரைபடத்தை 2,200 மீட்டர் உயரத்துக்கு எடுத்துவந்தால் அது பிள்ளைகளிடமிருந்து சூரியனை மறைக்கிறது. அந்த விடுதியின் எட்டடித் தாழ்வாரத்தை அளந்து கணக்குப் போட்டேன். டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் பதினோரு அடிக்குமேல் இறங்குகிறது. சுவரின் உயரமே ஒன்பதடி. வெறும் இரண்டடி சன்ஷேட்கூட ஜன்னலின் தலைக்கு ஒட்டி நீட்டினால் கிட்டத்தட்ட மூன்றடிக்கு நிழல் விழுந்துவிடும், நாலடி ஜன்னலில் ஓரடிதான் மிஞ்சும்.

ஆகவே நான் கேட்பது இது. இனி நீங்கள் போடும் கட்டடத்தின் நீண்ட பக்கம் தெற்கைப் பார்க்கட்டும். படுக்கும் கூடமும் வகுப்பறையும் நோயாளிகளின் அறையும் அந்தப் பக்கம் வரட்டும். தாழ்வாரம், மாடிப்படி, கழிப்பறை, அரிசி மூட்டை எல்லாம் வடக்கே போகட்டும். தெற்கே கண்ணாடி ஜன்னலைப் பெரிதாக வையுங்கள், மழைக்கான சன்ஷேட்டை ஜன்னலுக்கு இன்னும் உயரத்தில் போடுங்கள். டிசம்பர் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியாகச் சுமார் 500 வாட் உள்ளே வரும். ஐந்து பேர் கூடுதலாக அறையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கண்ணாடிக்கு ஒரு நல்ல குணம், வரும் வெயிலை விடும், அறைப் பொருள்கள் திருப்பி வீசும் அகச்சிவப்புக் கதிரை நேராக வெளியே விடாது. வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் ஏறியவர்களுக்கு அது தெரியும். ஆனால் இரவில் கண்ணாடி தானே சில்லிட்டுப்போகும். அதனால் உள்ளே ஒரு பலகைக் கதவு வேண்டும், மாலை நான்கரைக்கே சாத்திவிட வேண்டும். பழைய மலைவீடுகளில் இது இருந்தது.

கண்ணாடிக்குப் பணம் போதாது என்றால் சுவரையே பயன்படுத்தலாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கம் பட்ட வெயில் உள்பக்கம் வந்துசேர ஆறேழு மணிநேரம் ஆகும். நண்பகல் வெயில் இரவு ஏழு மணிக்கு, பிள்ளைகள் பாயை விரிக்கும் நேரத்தில், கூடத்துக்குள் வரும். அந்தச் சுவரின் வெளிப்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் கரும்பழுப்பு அடித்து, ஒரு சாண் இடைவெளி விட்டு முன்னால் கண்ணாடி நிறுத்தினால் இன்னும் நல்லது. பிரான்சில் பெலிக்ஸ் திரோம்ப் என்ற பொறியாளர் 1960களில் இப்படி வீடு கட்டிக் காட்டினார். நம் நாட்டிலேயே லடாக்கில் இந்தச் சுவர்கள் உண்டு. அங்கே உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரி போகும் குளிரையே சமாளிக்கிறார்கள். நமக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர்தான்.

தகரத்துக்குக் கீழே ஓர் உட்கூரை கட்டாயம் வேண்டும். எல்லாவற்றிலும் மலிவானது அது. இதை மட்டும் செய்தால்கூடப் பாதிக் குறை தீரும் என்பது என் கணிப்பு.

வெந்நீர் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அறுபது பிள்ளைகளுக்குத் தலைக்குப் பதினைந்து லிட்டர், மொத்தம் 900 லிட்டர். 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 113 மெகாஜூல் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 15 மெகாஜூல் இருக்கிறது, திறந்த அடுப்பு அதில் 15 விழுக்காட்டைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். நாளொன்றுக்கு 50 கிலோ விறகு. அந்த விறகு எந்தச் சோலையின் ஓரத்திலிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், வனத்துறைக்கும் தெரியும். அதே வேலையைக் குளிர்கால வெயிலில் 12, 13 சதுர மீட்டர் சோலார் ஹீட்டர் செய்துவிடும். ஒரு வகுப்பறைக் கூரையில் மூன்றில் ஒரு பங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு விடுதியில் சமவெளியில் வைப்பதைப் போன்ற தகட்டு ஹீட்டரை வைத்தார்கள். முதல் உறைபனியிலேயே உள்ளே நீர் உறைந்து செப்புக் குழாய் வெடித்துவிட்டது. அன்று குறைந்தபட்ச வெப்பநிலை மூன்று டிகிரி, எப்படி உறையும் என்று நிறுவியவர்கள் வாதாடினார்கள். தகடும் இரவெல்லாம் வானத்துக்குக் கதிர் வீசிக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும் என்பது அவர்களுக்கு நினைவில்லை. அந்த ஹீட்டர் இன்றும் கூரையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. சோலார் இங்கே ஒத்துவராது என்று ஊரில் எல்லோரும் அதைக் காட்டிச் சொல்கிறார்கள். இங்கே வைக்க வேண்டியது வெற்றிடக் குழாய் வகை. இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்றே இல்லாததாலும், உள்குழாயின் பூச்சு வெயிலை விழுங்கி அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வெளிவிடுவதாலும் அது பிடித்த சூட்டை விடாது. தகட்டு வகைதான் என்றால் உறையாத திரவம் ஓடும் மூடிய சுற்று இருக்க வேண்டும். டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இதெல்லாம் பெரிதாக உதவாது. வாரக்கணக்கில் சூரியனையே பார்க்காத மேற்குச் சரிவுகள் நமக்கு உண்டு. அப்போது மின்சாரமோ விறகோ வேண்டியிருக்கும். ஆனால் அந்த மாதங்களில் மேகமே போர்வையாக இருப்பதால் இரவுகள் அவ்வளவு கடுமையாகக் குளிர்வதில்லை. பிள்ளைகள் தணலைத் தேடுவது பெரும்பாலும் மார்கழி, தை, மாசியில். அந்த மூன்று மாதமும் வெயில் நம் பக்கம்.

முத்தோரைத் தொலைநோக்கியைப் பற்றி மேலே சொன்னேன். அதைக் கட்டிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், அந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வடக்குத் தெற்காக ஓடும் அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, ஊரின் அட்சரேகைக்குச் சமம். அதனால் சரிவோடு படுத்திருக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. வானத்தில் நகரும் ஒன்றைப் பல மணிநேரம் பின்தொடர அதை ஒரே அச்சில் சுழற்றினால் போதும். 1970இல் வேலையைத் தொடங்கிய கருவி இன்றும் வேலை செய்கிறது. இந்த மலை எப்படிச் சாய்ந்திருக்கிறது, வானம் அதன்மேல் எப்படி நகர்கிறது என்று பார்த்துக் கட்டிய கட்டுமானம் நம் கண்முன்னே கிடக்கிறது. நட்சத்திரங்களுக்காக அவ்வளவு பார்த்தவர்கள் நம் மலையில் இருந்திருக்கிறார்கள். பிள்ளைகள் படுக்கும் கூடத்துக்காக நீங்களும் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். உங்கள் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் வடக்கைக் காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கிறது. இடத்தைப் பார்க்கும் முதல் நாளே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த விடுதிக்கு இன்னொரு கூடம் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதே வரைபடமாம். அடித்தளம் தோண்டுவதற்குள் உங்களில் ஒருவராவது ஒரு தை மாத விடியலில் அங்கே வர வேண்டும். ஐந்தரை மணிக்கு வந்தால் தகரத்தில் பனி வெளுத்திருப்பதைப் பார்க்கலாம். ஒன்பது மணி வரை இருந்தால் பிள்ளைகள் எந்தச் சுவரில் முதுகைச் சாய்க்கிறார்கள் என்று தெரியும். இரண்டு வெப்பமானிகளும் அளவு நாடாவும் நான் கொண்டுவருகிறேன். புதிய கூடத்துக்கு ஒதுக்கிய இடத்தை ஏற்கனவே அளந்துவிட்டேன். தெற்கே 64 அடி நீளம் வெட்டவெளி. மறைக்க ஒரு மரம்கூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
குந்தா வட்டம், நீலகிரி